கடன் கொடுத்தவர் கையில் ராஜ்யம்

ஜோ அபர்க்ராம்பியின் 'ஃபர்ஸ்ட் லா' என்ற மாயாஜால நாவல் வரிசையில் மூன்றாவதும் கடைசியுமான 'லாஸ்ட் ஆர்கியூமென்ட் ஆஃப் கிங்ஸ்' 2008-இல் வந்தது. நான் இப்போதுதான் படித்தேன், முடித்த கையோடு எழுதுகிறேன். முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச வழியில்லை. படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு வங்கியில் கடன் பிரிவில் வேலை. அதனாலோ என்னவோ, வாளையும் மந்திரத்தையும் விட என்னை அதிகம் பயமுறுத்தியது கதையில் வரும் 'வாலின்ட் அண்ட் பால்க்' என்ற வங்கிதான். இரண்டாம் பாகத்தில் டகோஸ்கா நகரம் முற்றுகையில் சிக்கும்போது, காவலுக்குக் காசில்லாமல் தவிக்கும் விசாரணை அதிகாரி க்ளோக்டாவுக்கு அந்த வங்கி பத்து லட்சம் மார்க் தருகிறது. வட்டி என்ற பேச்சே இல்லை. அவ்வப்போது சில உதவிகள் செய்தால் போதுமாம். படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. தவணையும் வட்டியும் எழுதிய கடனை என்றைக்காவது அடைத்துவிடலாம். இதை எப்படி அடைப்பது? மூன்றாம் பாகத்தில் வங்கி வாய் திறக்கிறது. யாரைப் பற்றித் துருவக் கூடாது என்று க்ளோக்டாவுக்கு உத்தரவு வருகிறது. கடைசியில் பார்த்தால் அந்த வங்கியே மந்திரவாதி பயாஸுடையது. முதல் பாகத்தில் இறைச்சி வெட்டிக்கொண்டு அறிமுகமாவாரே, அதே வழுக்கைத் தலைக்காரர்! பயாஸின் எதிரி கலூல் நரமாமிசம் தின்னும் கூட்டத்தை வைத்துத் தெற்கை ஆள்கிறான். இவர் கடனை வைத்து வடக்கையும் நடுவையும் ஆள்கிறார். போதாததற்கு இவருடைய உதவியாளன் சல்ஃபரும் நரமாமிசம் தின்பவன்தான்.

பதினான்காம் லூயி தன் பீரங்கிகளில் பொறித்த லத்தீன் வாசகத்திலிருந்து வந்தது நாவலின் தலைப்பு, 'ராஜாக்களின் கடைசி வாதம்' என்று பொருள். பீரங்கியையும் படையையும் மீறி ராஜாக்களை ஆட்டிவைப்பது பணம் என்று காட்டியதுதான் இந்தப் பாகத்தின் பெரிய சாதனை என்பேன்.

இளம் படை அதிகாரி ஜெஸாலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரச ரத்தம் என்று ஊரையே நம்பவைத்து அவனை அரியணையில் உட்கார வைக்கிறார் பயாஸ். போர் முடிந்ததும், தலைநகர் அடுவாவின் இடிபாடுகளைப் பார்த்த பிறகு, அவன் ஒருமுறை எதிர்த்துப் பேசுகிறான். அவ்வளவுதான், குடலைப் பிடித்து முறுக்குவது போன்ற வலியில் தரையில் விழுந்து வாந்தி எடுக்கிறான். விலைமாது ஒருத்தியிடம் பணம் கொடுத்து வாங்கிய குழந்தை நீ என்ற உண்மையும் அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. கர்வம் பிடித்த அந்தப் பையனை முதல் பாகம் முழுக்க வெறுத்திருந்தேன். இந்த இடத்தில் அவனுக்காக அழுகை வந்தது.

வடக்கத்திய வீரன் லோகனுக்கும் ஒரு மகுடம் கிடைக்கிறது, வடக்கின் மகுடம். ஆனால் அதற்கு முன்பே, மலைக்கோட்டைச் சண்டையில் வெறி ஏறிய நிலையில் சொந்தத் தோழன் டுல் டூருவையே கொன்றிருக்கிறான். அவர்கள் கூட்டத்தைச் சேர்ந்த பிளாக் டவ் பிறகு அவனை வீழ்த்தும்போது என்னால் டவ் மீது முழுக்கக் கோபப்பட முடியவில்லை.

என் மனசு ஆறாதது காலெம் வெஸ்ட் விஷயத்தில். பிரபு குலத்தில் பிறக்காமல் உழைத்துப் படைத்தலைவன் ஆனவன். தங்கை ஆர்டியை அடித்த பாவமும் அவன் மேல் இருக்கிறது, அதை ஆசிரியர் மறைக்கவில்லை. எல்லாப் போரையும் தாண்டி வந்தவனை பயாஸ் நகரத்துக்குள் அவிழ்த்துவிட்ட சக்தி நோயாக வந்து பிடிக்கிறது. தலைமுடி கொட்டி, படுத்த படுக்கையாகிச் சாகிறான். கதிர்வீச்சு என்ற சொல் எங்கும் வராது, ஆனால் படிக்கிற நமக்குப் புரிந்துவிடும்.

சிலர் இந்த முடிவை வெறும் கொடூரம் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஒவ்வொரு அடியும் முதல் இரண்டு பாகங்களிலேயே விதைக்கப்பட்டது. ஃபெர்ரோ விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம். அடிமையாக இருந்து தப்பி, பழிவாங்கவே உயிரோடு இருப்பவள் அவள். இந்தப் பாகத்தில் பாதி நேரம் பயாஸ் பின்னால் நடக்கத்தான் விடப்படுகிறாள். அவளுக்கு இன்னும் சில அத்தியாயங்கள் கொடுத்திருக்கலாம்.