கடைசி நொடியில் ரத்தாகும் பந்தயம்
எல்லோருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, நடத்துபவரின் கழிவு போக மீதி வென்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படும் டோட் முறையில், ஒருவர் பெருந்தொகை கட்டி ஒரு குதிரைக்கான வெற்றித்தொகை விகிதத்தை மாற்றிக் காட்டி, பிறர் அதை நம்பிப் பணம் போட்ட பிறகு, ஓட்டம் தொடங்கச் சில நொடிகளே இருக்கையில் சீட்டை ரத்து செய்வதை, தவறாக அச்சான சீட்டைத் திருத்துவதோடு ஒன்றாக வைக்க என்னால் முடியவில்லை. (ரத்து வசதியின் நியாயமான பயன் அந்தத் திருத்தம்தான்.)

பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், பந்தய ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் செல்லுபடியாக்கிய கையோடு, பெரிதும் நியாயமற்ற பந்தயத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தையும் 336ஆம் பிரிவில் சூதாட்ட ஆணையத்துக்கு அளித்தது. ஆனால் அது ஓட்டம் முடிந்தபின் கிடைக்கும் பரிகாரம். பெருந்தொகை ரத்துகளைச் சீட்டு விற்பனை முடிய ஐந்து நிமிடம் முன்பே நிறுத்துவது எளிது.