மனதில் வந்ததெல்லாம் உண்மையா என்று கேட்கப் பழகியது

முதல் நாள் உளவியல் ஆலோசகர் என் கையில் இரண்டு படிவங்களைக் கொடுத்தார். பிஎச்க்யூ-9 என்பது மனச்சோர்வுக்கு, ஒன்பது கேள்விகள். ஜிஏடி-7 என்பது பதற்றத்துக்கு, ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இது எத்தனை நாள் உங்களைத் தொந்தரவு செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். எனக்கு இரண்டுமே நடுத்தரக் கட்டத்தில் வந்தன. நடக்காத ஒன்றை நினைத்து நெஞ்சு படபடக்க, ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்த மாதங்களுக்கு ஓர் அளவு கிடைத்ததே ஆறுதலாக இருந்தது.

"பாசிட்டிவா யோசிங்கன்னு நான் சொல்லப் போறதில்ல" என்றார். அந்த ஒரு வரியில்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அதுவரை அக்கறையோடு பேசிய அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்: நல்லதையே நினை, அதைப் பற்றி நினைக்காதே. நினைக்காதே என்றால் மனசு கேட்பதில்லை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் தன் குழுவோடு வெளியிட்ட ஓர் ஆய்வில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. கரடி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது இன்னும் அதிகமாக வந்தது.

நான் போனது சிபிடி என்று சொல்லப்படும் சிகிச்சைக்கு. எண்ணத்தையும் நடத்தையையும் சோதித்துப் பார்த்து மாற்றப் பழகும் பேச்சு சிகிச்சை அது. 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் இதை உருவாக்கினார். நோயாளி வெளியே பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொரு ஓட்டம் ஓடுவதை அவர் கவனித்தார். சட்டென்று வந்துபோகும் சின்னச் சின்ன வாக்கியங்கள். அவற்றுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். அவை நாம் யோசித்து எடுத்த முடிவுகள் அல்ல, தானாக வருகிறவை. வந்த வேகத்திலேயே உண்மை போலத் தோன்றுவதுதான் அவற்றின் பலம்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது திருத்துவது அல்ல, பிடிப்பது. "இது ஒரு எண்ணம்" என்று தெரிந்தால்தானே அதைக் கேள்வி கேட்க முடியும்? ஆலோசகர் சொன்ன வழி எளிமையானது: எண்ணத்தைத் தேடாதீர்கள், உடம்பைப் பாருங்கள். வயிறு இறுகுகிறதா, தொண்டை அடைக்கிறதா, திடீரென்று எரிச்சல் வருகிறதா? அந்த இடத்தில் நின்று, "இப்போ, இந்த நிமிஷம், மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேளுங்கள். ஆரம்பத்தில் பதில் வராது. சில வாரங்களில் வரத் தொடங்கும். எனக்கு வயிறுதான் முதலில் சொல்லும்.

பிடித்ததை ஒரு நோட்டில் ஏழு பத்திகளாக எழுத வேண்டும். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். முதல் பத்தி சூழ்நிலை. அதில் காமிராவில் பதிவாகக்கூடியது மட்டும்தான் வரலாம். "மேலதிகாரியிடமிருந்து சாயங்காலம் செய்தி: நாளைக்குக் காலையில கொஞ்சம் பேசணும்." இரண்டாவது உணர்ச்சி, 100க்கு எவ்வளவு: பயம் 85, அவமானம் 60. மூன்றாவது எண்ணம்: "ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கு, வேலை போகப் போகுது." நான்காவது, அதற்கு ஆதாரம்: போன வாரம் அறிக்கை தாமதமானது. ஐந்தாவது, எதிரான ஆதாரம்: தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லி அவரும் சரி என்றிருந்தார், இதே வாக்கியத்தை விடுமுறை அட்டவணை பற்றிப் பேசவும் அனுப்பியிருக்கிறார், என் வேலை பற்றிக் கடைசியாக அவர் எழுதியதில் குறை எதுவும் இல்லை. ஆறாவது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரும் எண்ணம்: "எதுக்குன்னு தெரியல. தாமதத்தைப் பத்தியும் இருக்கலாம், அப்படின்னா கேட்டுச் சரி பண்ணலாம். வேலை போறதுக்கான அறிகுறி இப்போதைக்கு எதுவும் இல்ல." ஏழாவது, மறுபடி உணர்ச்சி: பயம் 45.

45 என்பது குறைவில்லை. ஆனால் 45 பயத்தோடு தூங்க முடிகிறது, 85இல் முடியாது. மறுநாள் அவர் பேசியது புதிதாகச் சேருகிறவருக்குப் பயிற்சி கொடுப்பது பற்றி. அதனால் நோட்டு ஜெயித்தது என்று நான் நினைக்கவில்லை. திட்டு விழுந்திருந்தாலும் அந்தப் பக்கத்தில் எழுதியது அத்தனையும் சரியாகவே இருந்திருக்கும்.

ஐந்தாவது பத்தியில்தான் முழு உழைப்பும். கை நகராது. அப்போது உதவிய கேள்வி ஒன்று: "இதே நிலைமையில உங்க ஃபிரெண்டு இருந்தா என்ன சொல்வீங்க?" மற்றவருக்காக வாதாட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

சிந்தனைப் பிழைகளுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. சின்னதைப் பேரழிவாக்குவது, அடுத்தவர் மனதில் இருப்பது தெரியும் என்று நினைப்பது, முழுசாக இல்லையென்றால் பூஜ்யம் என்பது, எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்பது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவரவருக்கு இரண்டு மூன்றுதான் அடிக்கடி வரும். என்னுடையது, உணர்வையே ஆதாரமாக எடுத்துக்கொள்வது: பயமாக இருக்கிறது, அதனால் ஆபத்து இருக்கிறது. இந்த ஒன்றைக் கண்டுகொண்டதும் பாதிப் பக்கங்கள் எனக்கு விளங்கிவிட்டன.

எழுதினால் மட்டும் போதவில்லை. தலைக்குப் புரிந்தது நெஞ்சுக்கு இறங்க, செய்து பார்க்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் சந்தேகம் கேட்டால் கேவலமாகப் பார்ப்பார்கள் என்று எனக்கு உறுதி. "எப்படித் தெரியும், எத்தனை பேர், என்ன பண்ணுவாங்க?" என்று ஆலோசகர் விடாமல் கேட்டார். போவதற்கு முன்பே எழுதினேன்: குறைந்தது மூன்று பேர் சிரிப்பார்கள் அல்லது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கேட்டேன், குரல் நடுங்கத்தான். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பதிலைக் குறித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர், "எனக்கும் அதே டவுட்தான்" என்றார். சிரித்தவர் யாருமில்லை. கணிப்பை முன்னாலேயே, எண்ணிப் பார்க்கக்கூடிய விதமாக எழுதி வைப்பது முக்கியம். இல்லையென்றால் "உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாங்க" என்று மனசு பின்னால் கதையை மாற்றிவிடும்.

சில எண்ணங்கள் பிழையே இல்லை. அப்பாவின் உடம்பு நாளுக்கு நாள் மோசமாகிறது என்று எழுதிய பக்கத்தில் ஐந்தாவது பத்தி காலியாகவே இருந்தது. அதை நிரப்பச் சொல்லி ஆலோசகர் வற்புறுத்தவில்லை. உண்மையான கஷ்டத்துக்குத் திருத்தம் கிடையாது, செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விதான் உண்டு என்றார். அன்று மருத்துவரிடம் கேட்க வேண்டியதை இருவரும் சேர்ந்து எழுதினோம். மீதி நேரம் அழுதேன். அதுவும் சிகிச்சைதான் என்று இப்போதும் நம்புகிறேன். மன உறுதி என்றால் கலங்காமல் இருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, கலங்கிய பிறகும் அடுத்த வேலையைச் செய்ய முடிகிறது என்பது பெரிய விஷயமாக இருந்தது.

இப்போது தினமும் எழுதுவதில்லை. பயம் 60ஐத் தாண்டினால் நோட்டை எடுக்கிறேன். ஜிஏடி-7 மதிப்பெண் லேசான கட்டத்துக்கு இறங்கியிருக்கிறது.

நீங்களாகத் தொடங்குவதென்றால் ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆனால் பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அதற்கு உங்கள் பதில் 0 இல்லையென்றால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.