லாடன் அடித்த கையால் ஒரு பரீட்சை

மாட்டுக்கு லாடன் அடிக்கிறதுக்குச் சான்றிதழ் ஏதும் எடுக்கலாமா என்று கேட்டதும் தொழிற்பயிற்சி நிலையக் கவுண்டரில் இருந்த தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குதிரைக்கு எண்டா நெடுந்தீவுக்குத்தான் போகவேணும் அண்ணை" என்றார். நெடுந்தீவுக் குதிரைகள் லாடனைக் கண்ணாலும் காணாமல் மேய்ந்து திரிகிறவை. லண்டனில் இருக்கும் மச்சான் சொல்லித்தான் நான் கேட்டேன். அங்கே 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு இல்லாத ஆள் குதிரைக்கு லாடன் அடித்தால் குற்றமாம். இங்கே எனக்குப் பொருந்தி வந்தது வெல்டிங். அதற்கு வகுப்பில் போய்க் குந்தியிருக்கத் தேவையில்லை; ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்து என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைக் கொடுக்கும் ஆர்.பி.எல். (முன் கற்றலை அங்கீகரித்தல்) முறை இருக்கிறது என்றார் அந்தத் தங்கச்சி. என்.வி.கியூவில் மொத்தம் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். நான் கேட்டது 3.

எங்கள் கம்மாலை, அதாவது கொல்லன் பட்டறை, விசுவமடுப் பக்கம். அப்பா காலத்தில் கத்தி, மண்வெட்டி, கோடரி, வண்டிப் பட்டம், லாடன் என்று உலை அணையாது. பிறகு லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம் வந்து வண்டில் மாடுகளை ஓரங்கட்டிவிட்டது. இப்போது லாடனுக்கு வருவது பெரும்பாலும் வண்டில் ஓட்டப் போட்டிக்கு விடும் சவாரி மாடுகள்தான். மிச்ச நாட்களில் கேற், கிறில், ட்ரெய்லர் ஒட்டு. ஒரு ஒப்பந்தக்காரர் "என்.வி.கியூ இல்லாட்டி சைற்றுக்குள் எடுக்கேலாது" என்று சொன்ன பிறகுதான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

முதல் தடை பைல். எத்தனை வருட அனுபவம், யாரிடம் பழகினீர்கள், செய்த வேலைகளின் போட்டோ, வாடிக்கையாளர் கடிதம் என்று கேட்டார்கள். எங்களிடம் 2009 க்கு முந்திய ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. யுத்தத்தில் இடம்பெயரும்போது அப்பா பட்டடையைக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார். மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்து முதலில் தோண்டியதும் அதைத்தான். அதைப் போட்டோ எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். வையுங்கோ, ஆனால் வேலைக்கு ஆதாரம் வேறு வேண்டும் என்றார்கள். சரி என்று ஊர் முழுக்கச் சைக்கிளில் திரிந்து, நான் செய்த கேற் ஒவ்வொன்றின் முன்னாலும் வீட்டுக்காரரை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். ஒரு அம்மா சேலை மாற்றிக்கொண்டு வரும்வரை முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றேன். கடிதத்துக்குக் கிராம அலுவலரிடம் மூன்று முறை நடை.

படிப்புத்தான் பெரும்பாடு. கையில் கிடைத்த குறிப்புகளில் முதல் பக்கத்திலேயே தடக்கி விழுந்தேன். "மின்வாயின் பூச்சில் ஈரலிப்பு இருத்தலாகாது" என்று கிடந்தது. ஏ.எல். தொழில்நுட்பம் படிக்கும் பெறாமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ராட்டைத்தான் சித்தப்பா மின்வாய் எண்டு போட்டிருக்கு" என்றாள். ஒட்டுவதற்கு உருக்கும் பூச்சுப் பூசிய கம்பியைத்தான் நாங்கள் ராட் என்போம். சிலாக் என்று நான் சுரண்டித் தள்ளுவதன் பெயர் கசடு. அன்றிலிருந்து அவள்தான் வாத்தியார். 6013 என்று பெட்டியில் கிடப்பதை ராட்டின் பெயர் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். 60 என்பது ஒட்டு தாங்கும் இழுவிசை, சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். அடுத்த 1 எல்லா நிலையிலும் ஒட்டலாம் என்று. கடைசி இலக்கம் பூச்சையும் மின்னோட்டத்தையும் காட்டுகிறது. 7018 என்ற ராட்டை ஏன் சூடாக்கி உலர்த்தி வைக்க வேண்டும் என்றால், ஈரத்தில் இருந்து ஹைட்ரஜன் ஒட்டுக்குள் போய் வெடிப்பு விழும். மாரி காலத்தில் ராட் பெட்டியை உலைக்குப் பக்கத்தில் வைப்பது எனக்கும் பழக்கம். ஏன் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

சொல்லத் தெரியாததுதான் என் வியாதி. லாடன் அடிக்கும்போது மாட்டைக் கயிறு போட்டு விழுத்தி, காலைக் கட்டி, குளம்பைச் சீவுவோம். மாட்டுக் குளம்பு பிளந்தது; காலுக்கு 2, நாலு காலுக்கும் 8 தகடு. ஆணி வெளிச்சுவருக்குள்ளால் ஏறி வெளியே தலை காட்ட வேண்டும். சரியான இடத்தில் போனால் சுத்தியல் "டக் டக்" என்று இறுகிக் கேட்கும். உள்தசைப் பக்கம் திரும்பினால் சத்தம் மந்தமாகும், மாடும் உடம்பை உதறும். உடனே ஆணியைப் பிடுங்க வேண்டும். வெல்டிங்கிலும் எனக்குக் காதுதான். கரண்ட் அளவாக இருந்தால் எண்ணெய்யில் வடை பொரியும் சத்தம் வரும். ஆனால் மதிப்பீட்டாளருக்கு வடை போதாது. கேஜ் 12 என்று நாங்கள் சொல்லும் 2.5 மில்லிமீற்றர் ராட்டுக்கு 60 முதல் 90 அம்பியர், 3.2 க்கு 90 முதல் 130 என்று இலக்கம் வேண்டும். இரவில் மெஷினின் குமிழைத் திருப்பி, ஒட்டி, சத்தத்தைக் கேட்டு, இலக்கத்தைக் கரியால் சுவரில் எழுதிவைத்தேன். காது அறிந்ததை வாயால் சொல்லப் பழக இரண்டு மாதம் போனது.

முதல் முறை சரிவரவில்லை. கீழிருந்து மேலே போகும் நிலைக்குத்து ஒட்டு நன்றாகத்தான் வந்தது. ஓரத்தில் சின்னதாக அண்டர்கட் என்ற பள்ளம், அதையும் விட்டிருப்பார்கள். நான் மாஸ்க்கைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, கண்ணாடி போடாமல் கசடைத் தட்டினேன். முப்பது வருடப் பழக்கம். காலில் செருப்பு வேறு. இரண்டு மதிப்பீட்டாளர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாளில் "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்று இருந்தது. பெயில் என்று அவர்கள் சொல்வதில்லை; ஆனால் பரந்தனில் பஸ் மாறும்போது அது பெயிலாகத்தான் இருந்தது. பாதுகாப்பு பற்றி முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அந்த இடத்தின் மேல் எனக்குக் கோபம். சொன்னதாகத்தான் பெறாமகள் சொன்னாள். குறிப்பின் நாலாம் பக்கத்திலேயே இருந்ததாம்.

சப்பாத்து வாங்கினேன். தோல் ஏப்ரனுக்குக் காசு பார்த்து, கடைசியில் ஒருவரிடம் இரவல். வீட்டில் ஒவ்வொரு முறை சுத்தியலை எடுக்கும்போதும் பெறாமகள் "கண்ணாடி" என்று கத்துவாள்.

இரண்டாம் முறை செய்முறை பதினைந்து நிமிடம்கூட இருக்காது என்று தோன்றியது. உண்மையில் மத்தியானம் தாண்டிவிட்டது. வாய்மொழியில் கரண்டைப் பற்றிக் கேட்டார்கள். இலக்கத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல் வடைச் சத்தத்தையும் சொல்லிவிட்டேன். மூத்த மதிப்பீட்டாளர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். தானும் அப்படித்தான் பழகியவராம்.

சான்றிதழ் கைக்கு வந்த அன்று சவாரிக்காரர் ஒருவர் மாட்டோடு கம்மாலை வாசலில் நின்றார். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில லாடன் எண்டு எங்கயும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அதை உள்ள வை. கயிறு எங்க?" என்று மாட்டை அவிழ்க்கத் தொடங்கினார். ஆணிப்பெட்டியை எடுத்து நான் குந்தியபோது உள்ளேயிருந்து பெறாமகளின் குரல்: "சித்தப்பா, கண்ணாடி!"