கரிக்கோச்சியின் கொதிகலனுக்கு யார் காசு கொடுப்பது?

அமெரிக்காவின் டென்வரில் வசிக்கும் என் சித்தப்பாவின் மகன், சென்ற கோடையில் கும்பிரஸ் டோல்டெக் என்ற மலைப்பாதையில் நீராவிப் புகையிரதத்தில் (எங்கள் ஊர்ப் பேச்சில் கரிக்கோச்சி) பயணம் செய்துவிட்டு எங்களை அழைத்தான். பயணச்சீட்டின் விலையைக் கேட்டுத் திகைத்த அம்மா, அந்தப் பாதைக்கு அரசாங்கமும் பணம் ஒதுக்குகிறது என்றறிந்ததும், "இவ்வளவு காசு வாங்கிக்கொண்டும் கவண்மேந்திட்டையும் கை நீட்டுறாங்களோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

1880இல் கட்டத் தொடங்கப்பட்ட அந்தக் குறுகிய பாதையைப் பழைய நிறுவனம் கைவிட்டபோது, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களும் 1970இல் 64 மைல் பாதையையும் ஒன்பது நீராவி இயந்திரங்களையும் கூட்டாக விலைக்கு வாங்கின. 10,015 அடி உயரக் கணவாயைக் கடக்கும் அப்பாதையில் இன்றும் 1925இல் செய்யப்பட்ட இயந்திரங்கள் ஓடுகின்றன. எரிபொருள், சம்பளம் போன்ற அன்றாடச் செலவின் பெரும்பகுதியைப் பயணிகளின் பணம் ஈடுசெய்கிறது. ஈடுசெய்ய முடியாதது கொதிகலன். அமெரிக்க விதிகளின்படி, ஒரு நீராவி இயந்திரம் 1,472 நாட்கள் வேலை செய்தாலோ 15 ஆண்டுகள் கடந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது, கொதிகலனின் குழாய்களைக் கழற்றி உள்ளும் புறமும் சோதித்தாக வேண்டும். அதற்கான உதிரிப்பாகங்கள் எந்தக் கடையிலும் கிடையா, பட்டறையிலேயே செய்யவேண்டும். செலவு ஆண்டுதோறும் சீராக வருவதில்லை, ஒருமுறை வந்தால் மலைபோல வருகிறது. 2010 ஜூனில் லொபாட்டோ பாலம் தீயில் சேதமடைந்து பாதை இரண்டாகத் துண்டுபட்டபோது, பயணச்சீட்டு விற்றுப் பாலம் கட்டியிருக்க முடியுமா?

ஆகவே அம்மாவிடம், இது நீங்கள் கட்டும் மாதச்சீட்டைப் போன்றது, வீட்டுச் செலவைச் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறோம், கூரை மாற்றுவதற்குச் சீட்டு எடுக்கிறோம் என்று விளக்கினேன். "சீட்டுப் பிடிக்கிறவன் ஓடிப்போனால்?" என்றார். அதற்காகத்தான் அங்கே மாநிலத்துக்கு இருவர் வீதம் நால்வர் கொண்ட ஆணைக்குழு இருக்கிறது. ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கலாம். ஆனால் ஒரு சட்டசபை பணத்தைக் குறைத்தால் மற்றது முழுச் சுமையையும் ஏற்கத் தயங்கும் என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. 1905இல் கொழும்போடு இணைந்த எங்கள் பாதை 1990 ஜூனில் போரினால் நின்றுபோனது. இடம்பெயர்ந்து திரும்பியபோது எங்கள் வீட்டுக் கோடியிலிருந்த பங்கரின் (பதுங்குகுழியின்) கூரையில் தண்டவாளத் துண்டுகளும் சிலிப்பர் கட்டைகளும் கிடந்தன. இந்தியக் கடனுதவியோடு பாதை மீண்டும் போடப்பட்டு, 2014 அக்டோபரில் யாழ்தேவி புகையிரதம் திரும்பி வந்தது. ஆகையால், மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு கொழும்புக்குப் போகும் பயணியின் பெட்டியைவிடக் கரிக்கோச்சிக்கு முதலிடம் கொடு என்று நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். (கரிப்புகை விடாத வண்டியை நாம் இன்னும் புகையிரதம் என்று எழுதுகிறோம், அந்த அளவுக்காவது நீராவி நம்மிடம் மிஞ்சியிருக்கிறது.)

எனினும், அதே 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. இவை அரசின் சொத்துகள், அதாவது நம் எல்லோருடைய சொத்துகள். ஒன்றுக்கு வண்ணம் பூசித் திறப்புவிழா நடத்துவதற்குப் பணம் கிடைத்துவிடும். கொதிகலனின் உள்ளே துரு சுரண்டுவதற்குக் கிடைப்பதுதான் அரிது, ஏனென்றால் அங்கே நாடா வெட்ட முடியாது. இலங்கையில் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செலவழிக்காத ஒதுக்கீடு அத்துடன் காலாவதியாகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்த்து ஒரே தடவையில் செலவிடவேண்டிய கொதிகலன் பணத்துக்கு இந்த முறை முற்றிலும் பொருந்தாது. இந்த இயந்திரங்களை ஓட்டும் செலவைச் சுற்றுலாப் பயணிகளிடமிருந்தே அறவிடட்டும், அதில் ஒரு சதமும் மானியம் வேண்டாம். அரசாங்கம் செய்யவேண்டியது, ஆண்டு முடிவில் திறைசேரிக்குத் திரும்பிப் போகாத ஒரு சிறு நிதியத்தைச் சட்டத்தின் மூலம் உருவாக்கி, ஒவ்வோர் ஆண்டும் அதில் சிறிதளவு போட்டு வைப்பதும், அந்தக் கணக்கை யாரும் பார்க்கும்படி வெளியிடுவதும்தான்.