கியர்பாக்ஸ் சூடு: ஹாட் லைனில் சென்சார் மாட்டியாயிற்று, பான் பாக்கி

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டை அளக்க, அது கூலருக்குப் போகும் குழாயில் (ஹாட் லைன்) ஒரு அடாப்டர் வைத்துச் சென்சார் மாட்டியிருக்கிறேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. உர மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை ஏறிய பிறகும் அடாப்டர் காய்ந்தே கிடக்கிறது, மீட்டர் முள்ளும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

வண்டி டீசல் ஆட்டோமேட்டிக் பிக்கப். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க என்னிடம் இருக்கும் ஓபிடி ஆப்பில் கூலன்ட் சூடு வரும், கியர்பாக்ஸ் ஆயில் சூடு வராது. அதற்கான குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆகவே தனி சென்சார், தனி மீட்டர். எங்கே மாட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

பானில், அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டில், மாட்டச் சொல்லும் கட்சியிடம் நியாயம் உண்டு. பம்ப் உறிஞ்சி உள்ளே அனுப்புவது பானில் இருக்கும் ஆயிலைத்தான். ஆயிலின் ஆயுளும் சீல்களின் ஆயுளும் அந்தச் சூட்டைப் பொறுத்தவை. கியர்பாக்ஸ் கூட்டில் இருக்கும் பிரஷர் டெஸ்ட் ஓட்டையில் சொருகிவிடலாம் என்பவர்களும் உண்டு. சுலபம்தான், ஆனால் அங்கே ஆயில் ஓடாது, நிற்கும். நின்ற ஆயிலின் சூட்டை அளந்து என்ன பயன்? கூலரிலிருந்து திரும்பி வரும் லைனில் மாட்டினால் கூலர் நல்லா வேலை செய்கிறது என்று சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் ஹாட் லைனைப் பிடித்தது நம் ரோட்டுக்காக. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், கோத்தகிரி சுமார் 1800. இந்த ஏற்றம் முழுக்க 33 கிலோமீட்டருக்குள். கொண்டை ஊசி வளைவில் லாரிக்குப் பின்னால் ஊரும்போது டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு) லாக் ஆகாது, வழுக்கிக்கொண்டே இருக்கும். சூடு பிறப்பது அங்கேதான். அந்த ஆயில் கன்வர்ட்டரை விட்டு நேராகக் கூலருக்குப் போகும் குழாயில் முள் உடனே துள்ளும். பானுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதற்குள் வளைவே முடிந்துவிடும். ஏறும்போதே என் காலையும் கியரையும் மாற்றிக்கொள்ள உதவும் எண்தான் எனக்கு முதலில் வேண்டும்.

இரண்டு லைனில் எது ஹாட் லைன்? காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இரண்டையும் தொட்டுக்கொண்டே இருந்தால் தெரிந்துவிடும். முதலில் சூடாவது அதுதான்.

இனி மரை விஷயம். சென்சாரில் இருப்பது அரைக்கால் இஞ்ச் என்பிடி, அமெரிக்கக் குழாய் மரை. நம் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பதெல்லாம் பிஎஸ்பி, பிரிட்டிஷ் குழாய் மரை. லேத் பட்டறை அண்ணன், "கேஸ் மரைதானுங்க, ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார். "இல்லீங்கண்ணா" என்று மரை கேஜை வைத்துக் காட்டினேன். என்பிடி இஞ்சுக்கு 27 மரை, 60 டிகிரி. பிஎஸ்பி இஞ்சுக்கு 28, 55 டிகிரி. ஒன்றில் மற்றதை ஏற்றினால் முதல் ஓரிரு சுற்று வெண்ணெய் மாதிரி இறங்கும், அப்புறம் இறுகும். இறுகியதும் சீல் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆயில் சூடேறி இளகியதும் மரை வழியே சுற்றிச் சுற்றி வெளியே வரும். அதற்கு மேல் டெஃப்லான் சுற்றிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். பம்ப் அழுத்தத்தில் ஓடும் லைனில் அந்த விளையாட்டு வேண்டாம். இங்கே ஒழுகினால் பான் காலியாகும் வரை ஒழுகும்.

என்பிடி மரை வெட்டும் டேப் கடைசியில் கோவையில் ஒரு டூல்ஸ் கடையில் கிடைத்தது. அரைக்கால் இஞ்ச் டேப் ஒன்றுக்கு அந்த விலை அநியாயம், ஆனாலும் வாங்கினேன். அதே கடையில் 10 மில்லிமீட்டர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஹோஸ் இருக்கிறதா என்று கேட்டால், கண்ணாடி மாதிரி ட்ரான்ஸ்பரன்ட் பைப்பை எடுத்து நீட்டுகிறார்கள். ஆயிலும் சூடும் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் வேண்டுமென்றால் ஹைட்ராலிக் ஹோஸ் போடும் கடைக்குத்தான் போக வேண்டும்.

அடாப்டர் பித்தளை ஹெக்ஸ் ராடில் கடைந்தது. இரண்டு முனையிலும் ஹோஸ் நழுவாமல் இருக்க மேடு. முக்கியமானது நடுப்பகுதி. சென்சார் முனை ஓடும் ஆயிலில் முழுக்க நனைய வேண்டும். கடையில் விற்கும் டீ (T வடிவ இணைப்பு) எல்லாவற்றிலும் கழுத்து நீளம், முனை கழுத்துக்குள்ளேயே தங்கிவிடும், அப்புறம் மீட்டர் சோம்பேறித்தனமாகக் குறைத்துக் காட்டும். ரொம்ப உள்ளே நீண்டாலும் ஓட்டத்தை அடைக்கும். அதனால் சென்சார் உட்காரும் இடத்தில் மட்டும் உள்துளையை அகலப்படுத்தச் சொன்னேன். அண்ணன் முனகினார், ஆனால் செய்த வேலை நகை வேலை.

அப்புறம் எர்த். ஒற்றை வயர் சென்சாருக்கு உடம்புதான் எர்த். இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ் இருந்தால் எர்த் எங்கிருந்து வரும்? சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை இது. எர்த் இல்லையென்றால் மீட்டருக்கு அது பச்சைத் தண்ணீர் சூடு. எர்த் அரைகுறையாக இருந்தால் இன்னும் மோசம், பத்து இருபது டிகிரி குறைத்துக் காட்டி நம்மை நிம்மதியாகத் தூங்கவைக்கும். ஹெக்ஸின் ஒரு முகத்தில் எம்4 மரை போட்டு, ரிங் டெர்மினல் மாட்டி, சேஸிஸுக்குத் தனி வயர் இழுத்திருக்கிறேன்.

மாட்டும் முன் மீட்டரைச் சோதிக்க அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதிக்கும் தண்ணீரில் 94 டிகிரி காட்டியது. சரிதான். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 பக்கம்தான் கொதிக்கும். இது தெரியாமல் 100 வரவில்லையே என்று மீட்டரைத் திருப்பி அனுப்புபவர்கள் மலையில் இருந்தால் இதைப் படிக்கட்டும்.

ஓட்டிப் பார்த்ததில், சமவெளியில் 80, 85. குஞ்சப்பனை தாண்டி லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது 118. ரோடு கொஞ்சம் விட்டு, கன்வர்ட்டர் லாக் ஆனதும் முள் கண்முன்னே இறங்குகிறது. டி-யில் விடாமல் மேனுவலில் கீழ் கியரைப் பிடித்து ஆர்பிஎம்மை ஏற்றி ஓட்டினால் அதே மாதிரி வளைவில் 105-ஐத் தாண்டுவதில்லை. குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானை வந்து ரோட்டை அடைத்து வண்டிகள் நிற்குமே, அப்போது இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் ஓடவிடுங்கள். பம்ப் ஓடினால்தான் ஆயில் கூலருக்குப் போய் வரும்.

அரவேணுவில் நிறுத்திப் பானை இன்ஃப்ராரெட் கன்னால் பார்த்தேன், 91. பளபளக்கும் உலோகத்தில் அது உளறும், கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் பிடிக்க வேண்டும். பான் 95-க்குள் இருக்கும்வரை ஹாட் லைனில் வந்துபோகும் 118-க்கு நான் அலறப்போவதில்லை. பானே 120-இல் நின்றால் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே பானுக்கும் ஒரு சென்சார் வரப்போகிறது, ஒரே மீட்டர், நடுவே மாற்று சுவிட்ச். பானின் அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் ப்ளக்கில் மாட்டச் சொல்கிறார்கள். எஸ்டேட் ரோட்டுக் கல்லுக்கு முதல் பலி அதுவாகத்தான் இருக்கும். பின்பக்கச் சுவரில், ஆயில் மட்டத்துக்குக் கீழே, சைலன்சர் பைப்புக்கு எதிர்ப்புறமாக ஒரு நட்டு வெல்டிங் வைப்பதாகத் திட்டம். கேஸ்கெட்டும் ஃபில்டரும் ஆர்டர் போட்டாயிற்று. அதற்குள் கல்லட்டி மலை ரோட்டில் ஒரு தடவை, மசினகுடியிலிருந்து மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும், 36 கொண்டை ஊசி இருக்கிறது. மீட்டர் இன்னும் முன்கண்ணாடி ஓரத் தூணில் (ஏ-பில்லர்) ஜிப் டை போட்டுத்தான் தொங்குகிறது, வயரும் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில், வயர் நுழையும் ரப்பர் வளையம் (க்ராமெட்) இருக்கும் இடத்துக்குக் கை நுழையவில்லை. மெலிந்த கைக்காரர் யாராவது ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பக்கம் வந்தால் டீ என் செலவு.