கொழுந்தா, தூளா: மழைக்கால கிராஃப்டிங் குறிப்பேடு

2025 ஜூன் 1, ஞாயிறு. ஹட்டன்

மழை பிடித்துவிட்டது. பின்னேரம் ஆனதும் மூடுபனி இறங்கி எதிர்ப்பக்க லயம்கூடத் தெரிவதில்லை. போனில் கேம் ஓடுகிற மாதங்கள் இவை. பசங்க கேட்கிற கேள்வியும் வருஷா வருஷம் அதேதான்: "அண்ணே, சண்டை போட்டே மேல போக ஏலாதா? இந்த உலை, சுத்தியல் வேலை எல்லாம் நம்மளே செஞ்சுதான் ஆகணுமா?"

ஒரு விளையாட்டில் வீண் வேலையாக இருப்பது இன்னொன்றில் கட்டாயம். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டு இங்கே குறித்து வைக்கிறோம். எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது இது: அந்தச் சாமானை இன்னொருவரிடம் காசு கொடுத்து வாங்கலாமா? வாங்கலாம் என்றால் கிராஃப்டிங் (விளையாட்டுக்குள் வாள், கவசம் போன்ற சாமானை நாமே செய்வது) வெறும் தொழில், பிடித்தவன் செய்யட்டும். வாங்க முடியாது என்றால் தப்ப வழியில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2013இல் வந்தது, 2018 அக்டோபரிலிருந்து போனிலும் ஓடுகிறது. பழைய போனும் தாங்கும் என்பதால் இந்தப் பக்கம் ஆட்கள் அதிகம்.

ரூன் சிமிட்டார் வாளை எடுத்துக்கொள்வோம். கையில் பிடிக்க அட்டாக் திறன் லெவல் 40 போதும், அதாவது 37,224 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). அதே வாளை உலையில் அடித்து எடுக்க ஸ்மித்திங் (கொல்லு வேலைத் திறன்) 90 வேண்டும், அதாவது 53,46,332 எக்ஸ்பி. 140 மடங்குக்கு மேல். ரூன் பிளேட்பாடி இன்னும் மோசம்: உடுத்த டிஃபன்ஸ் 40, கூடவே டிராகன் ஸ்லேயர் முதல் பாகம் என்ற குவெஸ்ட் (கதைப் பணி), செய்ய ஸ்மித்திங் 99, அதற்கு 1,30,34,431 எக்ஸ்பி. தானே அடித்த கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் சண்டைக்குப் போவேன் என்று நிற்பவன், அந்தக் கவசத்துக்குத் தேவையே இல்லாத காலத்தில்தான் அதைச் செய்து முடிப்பான்.

சாதாரணக் கணக்கில் (அக்கவுண்டில்) விளையாடுபவர்கள் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பு தேயிலை ஏலம் மாதிரித்தான்: யார் தோட்டத்துக் கொழுந்து என்று வாங்குபவன் முகம் பார்ப்பதில்லை, விலை ஒத்துவந்தால் கை மாறும்.

ஜூன் 5, வியாழன்

அப்படியானால் ஸ்மித்திங்கே வேண்டாமா என்றால், 35 வரை ஏற்றி வைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது: பீரங்கிக் குண்டு. டுவார்ஃப் கேனன் குவெஸ்டை முடித்து, குண்டு அச்சு ஒன்றும் வைத்திருந்தால், 1 ஸ்டீல் பாருக்கு (உருக்கிய உலோகக் கட்டிக்கு) 4 குண்டு. பையில் 28 இடம். அச்சுக்கு 1 போக 27 பார், ஆக ஒரு தடவைக்கு 108 குண்டு. பீரங்கி 7,50,000 காசு. அது கையில் இல்லாவிட்டாலும் குண்டுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

நஷ்டம் வருவது பெரும்பாலும் ஸ்டீல் பாரில்தான். சாதாரண உலையில் 1 இரும்புத் தாதுக்கு 2 நிலக்கரி போகும், பையில் 9 இரும்பு 18 கரி வைத்தால் 9 பார்தான். கெல்டக்ரிம் நகரத்து பிளாஸ்ட் ஃபர்னஸில் 1 இரும்புக்கு 1 கரியே போதும். உள்ளே போக த ஜயன்ட் டுவார்ஃப் குவெஸ்டைத் தொடங்கியிருக்க வேண்டும், முடிக்கத் தேவையில்லை. ஸ்மித்திங் 60க்குக் கீழே இருந்தால் அங்கிருக்கிற மேஸ்திரிக்கு 10 நிமிஷத்துக்கு 2,500 காசு. குள்ளர்கள் உலை ஓட்டுகிற உலகங்களில் (சர்வர்களில்) உண்டியலுக்கு மணிக்கு 72,000 தனி.

இங்கே புதியவர்கள் விடுகிற பிழை எப்போதும் ஒன்றுதான். இரும்பை முதலில் உலைக்குக் கொண்டுபோகிற பட்டையில் போட்டுவிடுவார்கள். உலைக்குள் கரி இல்லை என்றால் அது ஸ்டீலுக்காகக் காத்திருக்காது. நேரே இரும்பு பாராக வந்து விழும், திருப்பி எடுக்க வழியில்லை. கரி முதலில், இரும்பு பிறகு. கரிப் பை இருந்தால் அதில் 27 கரி தனியாகக் கொள்ளும், நடை பாதியாகும். வெளியே வந்த பார் கொதிக்கும். ஐஸ் கையுறை இல்லாதவர்கள் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு போங்கள்.

விற்கும் முன் ஒரு கணக்கு: 4 குண்டின் விலையிலிருந்து சந்தை வரியைக் கழித்துவிட்டு, அன்றைக்கு ஒரு ஸ்டீல் பார் என்ன விலை என்று பாருங்கள். மிச்சம் ஒன்றும் தேறாவிட்டால் பாராகவே விற்றுவிட வேண்டியதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

அயர்ன்மேன் கணக்கு பற்றிக் கேட்டார்கள். அங்கே எல்லாம் தலைகீழ். யாரிடமும் வாங்க முடியாது, கொடுக்க முடியாது, எக்ஸ்சேஞ்ச் கதவு சாத்தியிருக்கும். கிராஃப்டிங் இல்லாமல் ஓர் அடி நகர ஏலாது.

ஆனால் முதலில் ஏற்ற வேண்டியது ஸ்மித்திங் என்று நினைப்பது தப்பு. பாஸ் (பெரிய அரக்கன்) சண்டைகளில் உங்களைத் தடுத்து நிறுத்துவது வாள் அல்ல, பிரேயர் போஷன்: தீர்ந்த பிரேயர் புள்ளியைத் திரும்ப ஏற்றும் மருந்து. ஹெர்ப்ளோர் (மருந்து காய்ச்சும் திறன்) 38, ரனார் மூலிகை 1, ஸ்னேப் கிராஸ் 1, தண்ணீர்க் குப்பி 1. ஒரு குப்பிக்கு 87.5 எக்ஸ்பி, 3 மடக்கு. ஒரு மடக்கு தருவது 7 உடன் பிரேயர் லெவலில் கால் பங்கு: லெவல் 43இல் 17 புள்ளி, ஒரு குப்பிக்கு 51. ஹெர்ப்ளோரைத் திறக்க டிருயிடிக் ரிச்சுவல் குவெஸ்ட்.

ரனார் கிடைப்பதுதான் பாடு. ஃபார்மிங் 32 வந்தால் நடலாம். விதைக்கு, தீவிங் (திருட்டுத் திறன்) 38 எடுத்து மாஸ்டர் ஃபார்மரின் மடியில் கைவைக்க வேண்டும். முளைத்து அறுவடைக்கு வர 80 நிமிஷம். எரு போடாத பாத்தியில் குறைந்தது 3 மூலிகை, அல்ட்ராகம்போஸ்ட் போட்டால் குறைந்தது 6. எரு நோயையும் குறைக்கும். மரக்கன்றுக்குக் காவல்காரனுக்குக் கூலி கொடுக்கலாம், மூலிகைப் பாத்திக்கு அது இல்லை. எரு மிச்சம் பிடிக்கிறவன் விதையைத் தொலைப்பான். தேயிலைக்கு உரம் நிறுத்திப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 10, செவ்வாய். பொசன் போயா

சின்னக் குறிப்பு. சாதாரணக் கணக்கிலும் காசால் தாண்ட முடியாத இடம் குவெஸ்ட். டிராகன் ஸ்லேயர் இரண்டாம் பாகத்துக்கு ஸ்மித்திங் 70, மைனிங் 68, கிராஃப்டிங் 62, கன்ஸ்ட்ரக்‌ஷன் 50 கேட்கிறார்கள். அது முடிந்தால்தான் வோர்காத் என்ற டிராகன் பாஸோடு திரும்பத் திரும்பச் சண்டை போடலாம். ஸ்மித்திங்கை 1இலிருந்து அடித்து ஏற்ற வேண்டாம்: த நைட்ஸ் ஸ்வோர்ட் குவெஸ்ட் ஒன்றே 12,725 எக்ஸ்பி தரும், ஒரே தாவில் லெவல் 29.

ஜூன் 14, சனி

அல்பியன் ஆன்லைன். 2017இல் வந்தது, 2021இல் போனுக்கு. 2023 மார்ச்சில் ஆசியாவுக்குத் தனி சர்வர் வந்தபின் இங்கிருந்து விளையாடுவது மனுஷன் விளையாடுகிற மாதிரி ஆனது.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தில் உள்ள வாள், கவசம், தொப்பி எல்லாம் யாரோ ஓர் ஆட்டக்காரர் செய்தது. அரக்கனைக் கொன்றால் விழுகிற சாமான்கூட, கேர்லியன் நகரத்தில் உள்ள பிளாக் மார்க்கெட்டுக்கு ஆட்டக்காரர்கள் விற்றதுதான். அப்படி இருந்தும், நீங்கள் கிராஃப்ட் செய்யத் தேவையில்லை. ஒரு வாளைச் செய்யும் தகுதியும் அதைப் பிடிக்கும் தகுதியும் டெஸ்டினி போர்டு என்ற திறன் பலகையில் வேறு வேறு கிளை. வெட்டி வெட்டியே வாள் கிளை ஏறும். ஊருக்குக் கிராஃப்டிங் உயிர்; தனி ஆளுக்கு விருப்பம்.

விருப்பப்பட்டவர்கள் எங்கே தோற்கிறார்கள் என்றால், கொழுந்தைத் தூளாக்குகிற இடத்தில். சுமார் 4.5 கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் 1 கிலோ தூள் வரும். எந்த பேக்டரிக்குக் கொடுக்கிறோம் என்பதில் பங்குத் தோட்டக்காரனின் மாதமே தங்கியிருக்கிறது. அல்பியனிலும் தாதுவை எந்த ஊரில் உருக்குகிறோம் என்பதுதான் விஷயம்.

நான்காம் தரத்து ஸ்டீல் பார் 1க்கு 2 இரும்புத் தாது, 1 வெண்கல பார். ராஜ நகரம் எதில் உருக்கினாலும் போட்டதில் 15.2 சதவீதம் திரும்பிவரும். தாதுவுக்கு உரிய நகரமான தெட்ஃபோர்டில் உருக்கினால் 36.7. ஃபோகஸும் (நாளுக்கு நாள் சேருகிற உழைப்புப் புள்ளி) செலவழித்தால் 53.9. திரும்பி வருவதையெல்லாம் மறுபடி மறுபடி உலையில் போட்டுக்கொண்டே போனால், 1,000 தாதுவிலிருந்து:

வேறு நகரத்தில் சுமார் 589 பார்.
தெட்ஃபோர்டில் சுமார் 789.
தெட்ஃபோர்டில் ஃபோகஸோடு சுமார் 1,084.

ஒரு கை பிராட்ஸ்வோர்ட் ஒன்றுக்கு 16 பார், 8 தோல். அதாவது ஊர் தவறியதற்காக மட்டும் 12 வாளுக்கான இரும்பு போகிறது. சந்தை விலை நிலவரம் பெரும்பாலும் தெட்ஃபோர்ட் கணக்கை ஒட்டியே நிற்கும். மார்ட்லாக்கில் உட்கார்ந்து இரும்பு உருக்குபவன் ஒவ்வொரு பாரிலும் கையிலிருந்து போடுகிறான். மார்ட்லாக் தோலுக்கு. ஃபோர்ட் ஸ்டெர்லிங் மரம், லிம்ஹர்ஸ்ட் நார், பிரிட்ஜ்வாட்ச் கல்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றைய கணக்கில் விட்டுப்போன ஒன்று. வெண்கல பாரும் அதே விகிதத்தில் திரும்பும், அதனால் 789 பாருக்கு 789 வெண்கலம் வாங்கிவிடாதீர்கள், 500 போதும்.

ஃபோகஸ் பிரீமியம் கணக்குக்கு ஒரு நாளைக்கு 10,000 சேரும், 30,000க்கு மேல் ஏறாது. மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தால் நான்காம் நாள் ஃபோகஸ் வீண். பிரீமியம் இல்லாதவர்கள் உருக்குவதை விட்டுவிட்டுத் தாதுவாகவே விற்பது நல்லது. பச்சைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு போகிறவன் ஒன்றும் முட்டாள் இல்லை.

ஜூன் 19, வியாழன்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன். இங்கே கிராஃப்டிங் கேட்பது காசை அல்ல, நாட்களை. ஒரு சாமானில் ஒரு ட்ரெய்ட் (சிறப்புக் குணம்) கற்க முதல் தடவை 6 மணி, அடுத்தது 12, பிறகு 24; இப்படி இரட்டித்துக்கொண்டே ஒன்பதாவது ட்ரெய்ட்டுக்கு 64 நாள். ஜூலியானோஸ் என்ற கவசத் தொகுதியைச் செய்ய 6 ட்ரெய்ட் வேண்டும்: 378 மணி, அதாவது 15 நாள் 18 மணி. அதுவும் ஒரு சாமானுக்கு. தொப்பிக்குக் கற்றது சப்பாத்துக்கு உதவாது. ஒன்பதும் முடிக்க 127 நாளுக்கு மேல். சலுகைத் திறன்கள் எடுக்காத அடிப்படைக் கணக்கு இது.

முதல் நாளிலிருந்தே ஓட விட்டுவிட்டுச் சண்டையைப் பாருங்கள். கற்கக் கொடுக்கிற சாமான் அழிந்துபோகும், எனவே உடம்பில் போட்டிருப்பதைக் கொடுத்துவிடாதீர்கள். லெவல் ஏறுகிற காலத்தில் கவசம் செய்வது வீண், இரண்டு நாளில் சிறுத்துப்போகும். கடைசித் தரம் சாம்பியன் பாயின்ட் 160. அங்கே ஒரு பொறி: 150 தரத்து மார்புக் கவசத்துக்கு 15 கட்டி, 160க்கு 150 கட்டி. பத்து மடங்கு. அவசரமாக இருந்தால் கில்டில் (ஆட்டக்காரர் சங்கத்தில்) ட்ரெய்ட் முடித்த ஒருவரிடம் கட்டிகளைக் கொடுத்துச் செய்து வாங்குங்கள். போட்டுக்கொள்ளும்வரை அது ஒருவரோடு ஒட்டிக்கொள்ளாது, கை மாற்றலாம்.

ஜூன் 22, ஞாயிறு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், கிளாசிக். தையல் படித்தால் ஆரம்பத்தில் ஒரே உபயோகம் பை. லினன் துணி 6, அதை இரண்டிரண்டாக மடித்து 3 சுருள், கடையில் வாங்கிய முரட்டு நூல் 3: ஆறு இடமுள்ள பை ஒன்று. இதற்காக ஒரு தொழிலையே எடுக்க வேண்டாம், தைப்பவர்களிடம் துணியைக் கொடுத்தால் தைத்துத் தருவார்கள். இரண்டு முதன்மைத் தொழில்தான் அனுமதி; லெவல் ஏறும்வரை இரண்டையும் சேகரிப்புக்கே வைத்து, தோலும் தாதுவும் விற்பது கைக்கு நல்லது. விதிவிலக்கு இன்ஜினியரிங்: கோப்ளின் சாப்பர் சார்ஜை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் இன்ஜினியரிங் 205 உள்ளவன் கையில்தான் வெடிக்கும்.

கிளாசிக் அல்லாத வார்கிராஃப்டுக்கு 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃபிளைட் விரிவாக்கம் இன்னொரு வழி திறந்தது. உங்களோடு ஒட்டிக்கொண்ட மூலப்பொருளைக்கூட ஆர்டராகக் கைவினைஞரிடம் கொடுக்கலாம். செய்த சாமான் நேரே உங்களுக்கே வரும். முதல் நாள் சொன்ன "வாங்க முடியாது" என்பதில் இதனால் ஓர் ஓட்டை விழுகிறது. கூலி பேசி முடித்துக்கொள்ளலாம்.

ஜூன் 25, புதன்

ஃபைனல் ஃபேண்டஸி 14இன் இலவசக் கணக்கு லெவல் 70 வரை. மார்க்கெட் போர்டு கிடையாது, வர்த்தகம் கிடையாது, 3,00,000 கில்லுக்கு (அந்த ஊர்க் காசுக்கு) மேல் வைத்திருக்க முடியாது. நம் அளவுகோல்படி கிராஃப்டிங் கட்டாயமாக வேண்டும், ஆனால் இல்லை. டங்ஜனில் (நிலவறைச் சண்டையில்) விழுகிற கவசமும், லெவல் 50, 60, 70இல் பொயடிக்ஸ் டோம்ஸ்டோன் என்ற தனி நாணயத்துக்கு வாங்குவதும் தாராளம். கைத்தொழில் எட்டில் சமையல் ஒன்றைத் தொட்டு வையுங்கள்: எந்தச் சாப்பாடும் 30 நிமிஷத்துக்கு எக்ஸ்பியை 3 சதவீதம் கூட்டும். கடைசி ரெய்டின் (பெருங்குழுச் சண்டையின்) முதல் வாரத்தில்தான் கிராஃப்ட் செய்த கவசம் ராஜா, அதுவும் காசு கொடுத்து கணக்கு வைத்திருப்பவர்களுக்கு.

ஜூன் 28, சனி

காற்று பலம். லைன் விட்டு விட்டு வருகிறது, இப்படிப்பட்ட நாளில் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள்.

அல்பியனில் சிவப்பு வலயத்துக்குப் போகாதீர்கள். லைன் போனாலும் ஆள் அங்கேயே நிற்பான். யாரும் வந்து அடித்தால் உடம்பில் உள்ளது முழுக்கப் போகும். ரூன்ஸ்கேப்பில் பீரங்கிக் குண்டு வார்த்து எடுங்கள். ஒரு பாருக்கு 6 விநாடி, 27 பாருக்கு சுமார் 160 விநாடி. இடையில் போனைத் தொட வேண்டாம். நடுவில் சிக்னல் போனால் வார்க்காத பார் பையில் அப்படியே இருக்கும். திரும்ப வந்ததும் உலையைத் தட்டி, மிச்சத்தை வார்த்துக்கொள்ளலாம். அச்சை மட்டும் பாங்கில் போட்டுவிடாதீர்கள்.