அடுப்பை அணைத்த பிறகு

பெரிய சமையற்கூடங்களில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். நன்றாகக் கொதித்துவிட்டால் கிருமி செத்துவிடும், மிஞ்சியதைத் திரும்பச் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடுதான் புதியவர்கள் வருகிறார்கள். அது பாதிதான் சரி. கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மோனெல்லா என்ற கிருமி பிழைக்காது. ஆனால் சோற்றில் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் ஸ்போர்கள், அதாவது விதைபோல உறங்கிக் கிடக்கும் வடிவங்கள், கொதியையும் தாங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

அதனால் என் கவனமெல்லாம் அடுப்பை அணைத்த பிறகுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே உணவு கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு அண்டா கெட்டி சூப்பை அப்படியே குளிர் அறைக்குள் தள்ளினால், ஓரம் ஆறிவிடும், நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும். "தொட்டா ஜில்லுனு இருக்கே சார்" என்பார்கள். தெர்மாமீட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்து, நடுவில் ஆழமாகச் செருகச் சொல்வேன். எண் 40-ஐத் தாண்டி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் வாதமே இல்லை. ஆழமில்லாத அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறினால் சீக்கிரம் ஆறும். முதல் 2 மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் இறங்கியாக வேண்டும்.

பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. கோழியைக் குழாயடியில் கழுவக் கூடாது, தெறிக்கும் தண்ணீரே கிருமியைப் பரப்பிவிடும். இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் பழகிவிடும்.

வயிற்றுப்போக்கோடு வேலைக்கு வருபவரைத் தடுப்பதுதான் கஷ்டம். கூலி போய்விடுமே என்று மறைத்துவிடுவார். வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ் மிகக் கொஞ்சம் ஒட்டியிருந்தாலே அடுத்தவரைப் படுக்க வைத்துவிடும். சானிடைசரை நம்ப முடியாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாந்தி, பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவுப் பக்கமே வரக் கூடாது. இந்த விதியைச் சுவரில் ஒட்டுவது சுலபம். சம்பளத்தோடு விடுப்பு இல்லாத இடத்தில் அதை யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. எந்த நிர்வாகத்திடமும் நான் முதலில் கேட்பது அந்த விடுப்பைத்தான். கிடைத்த இடங்களில், "வயிறு சரியில்லை சார், இன்னைக்கு வரலை" என்று காலையிலேயே போன் வந்துவிடுகிறது. மாற்று ஆளைப் போட எனக்கும் நேரம் கிடைக்கிறது.